கம்பீரம்: தமிழா, வடமொழியா? அதற்கு ராஜகளை எங்கிருந்து வந்தது?

வரிக்குதிரை

எல்லோருக்கும் வணக்கம். ராணி மங்கம்மாளைப் பற்றி ஒரு மேடை நாடகம் எழுதிக்கொண்டிருக்கிறேன். முதல் காட்சியில் கட்டியங்காரன் முழங்கி முடித்ததும் பின்னணிக் குரல் வரும்: "கம்பீரமாக நடந்து வருகிறாள் மங்கம்மாள்." இயக்குநர் தனித்தமிழ்ப் பற்றாளர். 'கம்பீரம் வடசொல், மாற்று' என்று ஓரத்தில் எழுதித் திருப்பித் தந்துவிட்டார்.

மாற்றுவதில் எனக்குச் சிக்கல் இல்லை. ஆனால் எதை மாற்றுகிறோம் என்று தெரிந்துகொண்டு மாற்றலாமே. இந்தச் சொல் எங்கிருந்து வந்தது? அரசருக்கு உரிய மிடுக்கு என்ற பொருள் முதலிலிருந்தே அதில் இருந்ததா? அகராதியைப் புரட்டினால் 'ஆழம்' என்று போட்டிருக்கிறது. ஆழத்துக்கும் அரசிக்கும் என்ன சம்பந்தம்?

கம்பத்துக்காரன்

இதில் குழப்பமே இல்லை தம்பி. கம்பம் போல நிமிர்ந்து நிற்பது கம்பீரம். அசல் தமிழ்ச் சொல். கம்பு, கம்பம், கம்பீரம் என்று வரிசையாக வைத்துப் பாருங்கள், தானே விளங்கும். உங்கள் இயக்குநரிடம் தைரியமாகச் சொல்லுங்கள்.

ஏட்டுப்பூச்சி

கம்பத்துக்காரரே, கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் 'கம்பு' போனால் மிச்சம் இருக்கிற 'ஈரம்' எது? தமிழில் அப்படி ஒரு விகுதி இல்லை. இன்னொரு பெரிய தடையும் உண்டு. வடமொழியில் இந்தச் சொல்லுக்கு 'கபீர' என்று, நடுவில் மகரம் இல்லாத வடிவமும் இருக்கிறது. ரிக் வேதத்தின் பத்தாம் மண்டலத்தில் படைப்பைப் பற்றிய பாடல் ஒன்று உண்டு, நாசதீய சூக்தம் என்பார்கள். ஒன்றுமே இல்லாத அந்தத் தொடக்கத்தில் 'கஹனம் கபீரம்', அதாவது புகமுடியாத ஆழமான நீர் இருந்ததா என்று அதன் முதல் செய்யுளே கேட்கிறது. அங்கே 'ம்' இல்லை. கம்பிலிருந்து பிறந்த சொல்லாக இருந்தால் கம்பே இல்லாத வடிவம் எப்படி வரும்?

ஈரானியப் பக்கத்திலும் இதற்கு உறவு உண்டு. ஜொராஸ்டிரியரின் மறைநூலான அவெஸ்தாவில் 'ஜஃப்ர' என்றால் ஆழம். இன்றைய பாரசீகத்தில் 'ழர்ஃப்' என்று வழங்குகிறது. ஆகவே வடசொல் என்பதில் உங்கள் இயக்குநர் சொன்னது சரி. (கம்பம் என்ற சொல்லே 'ஸ்கம்ப'த்திலிருந்து வந்தது என்பாரும் உண்டு. அது தனிச் சண்டை, இங்கே வேண்டாம்.)

இரண்டாவது கேள்விதான் சுவையானது. முதல் பொருள் ஆழம் மட்டுமே. கடல் கம்பீரம், கிணறு கம்பீரம். மேகதூதத்தில் மேகம் கடந்து போகிற ஆறுகளில் ஒன்றின் பெயரே கம்பீரா. அதில் ராஜகளை ஒன்றும் இல்லை, ஆழமான ஆறு, அவ்வளவுதான். இரவு விரிவாக எழுதுகிறேன்.

நாக்பூர் தமிழன்

ஹிந்தியில் இன்றைக்கும் இது சிரிப்புக்கு இடமான சொல் இல்லை. நான் இங்கே வந்த புதிதில் உடன் வேலை பார்ப்பவரின் மாமாவை மருத்துவமனையில் சேர்த்திருந்தார்கள். விசாரித்தபோது "ஹாலத் கம்பீர் ஹை" என்றார். படுத்த படுக்கையிலும் மனிதர் கம்பீரமாக இருக்கிறார் போலும் என்று நினைத்து "நல்லது, நல்லது" என்று சொல்லிவிட்டேன். அவர் பார்த்த பார்வை இன்னும் மறக்கவில்லை. நிலைமை கவலைக்கிடம் என்று சொல்லியிருக்கிறார். ஹிந்தியில் கம்பீர் என்றால் தீவிரம், விளையாட்டுத்தனம் இல்லாத தன்மை. கம்பீர நோய், கம்பீரக் குற்றச்சாட்டு என்று செய்தித்தாளில் நாள்தோறும் வரும்.

கிள்ளான்வாசி

இங்கே மலேசியாவில் கதை தலைகீழ். மலாயில் 'கெம்பிரா' என்றால் மகிழ்ச்சி! பள்ளிக்கூடத்தில் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகூடச் சொல்லும் சொல். 'கெகெம்பிராஆன்' என்றால் குதூகலம். எல்லாம் இதே சொல்தான். நாக்பூர் அண்ணனின் நண்பர் இங்கே வந்து யாராவது 'கெம்பிரா' என்று சொல்லக் கேட்டால் பயந்துபோவார்.

தாய்லாந்தில் இன்னொரு கூத்து. அங்கே 'கம்பீ' என்றால் மறைநூல். பௌத்த நூலுக்கும் அதுதான், பைபிளுக்கும் அதுதான். ஆழமான பொருள் உடையது என்ற எண்ணத்தில் நூலுக்கே பெயராகிவிட்டது போல.

பனையோலை

கிள்ளான்வாசி சொன்னதைப் படித்ததும் சட்டென்று ஒன்று நினைவுக்கு வந்தது. மகிழ்ச்சி என்ற பொருள் தமிழிலும் இருக்கிறதே! தமிழ் விவிலியத்தில், பழைய மொழிபெயர்ப்பில், 126ஆம் சங்கீதம்: "கண்ணீரோடே விதைக்கிறவர்கள் கெம்பீரத்தோடே அறுப்பார்கள்." இங்கே கெம்பீரம் மிடுக்கு இல்லை, ஆர்ப்பரிக்கும் மகிழ்ச்சி. 95ஆம் சங்கீதத்திலும் "கர்த்தரைக் கெம்பீரமாய்ப் பாடி" என்று வரும். தேவாலயத்துக்குப் போய் வளர்ந்தவர்களுக்கு இந்தச் சொல்லைக் கேட்டால் அரசன் நினைவுக்கு வரமாட்டான், உரத்த பாட்டுத்தான் வரும். 'கெம்பீரித்து' என்று வினையாகவே சொல்வார்கள்.

வடிவத்தையும் பாருங்கள். இங்கே கெம்பீரம், மலாயில் கெம்பிரா. இரண்டிலும் எகரம். நம்மிடமிருந்து கப்பலேறிப் போன சொல்லாக இருக்குமோ?

ஏட்டுப்பூச்சி

ஆசை யாரை விட்டது அம்மா! ஆனால் எகரத்தை வைத்து மட்டும் அப்படிச் சொல்ல முடியாது. தமிழ்ப் பேச்சில் 'க' என்ற எழுத்து வடமொழி 'ga' போல அதிர்ந்து ஒலித்துச் சொல் தொடங்கினால் அகரம் எகரமாகும். கங்கையைக் கெங்கை என்கிறோம். மலாய் தனியாகவே இதைச் செய்யும். மந்திரி அங்கே 'மென்தெரி', பண்டிதர் 'பென்தெத்தா'. இந்த இரண்டிலும் நம் வாயில் அகரம் மாறவில்லை, அவர்கள் வாயில் மாறியிருக்கிறது. ஆகவே கெம்பிராவுக்குத் தமிழ் வழி தேவையில்லை. மகிழ்ச்சிப் பொருள் இரண்டு இடத்திலும் தனித்தனியே முளைத்திருக்கலாம். ஆழ்ந்த ஒலி, பேரொலி, ஆர்ப்பரிப்பு என்று ஒரே படிக்கட்டில் இறங்கினாலே போதும்.

சரி, வாக்குக் கொடுத்தபடி இப்போது அரசனுக்கு வருகிறேன்.

வால்மீகி ராமாயணத்தின் முதல் சர்க்கத்தில் நாரதர் ராமனை வருணிக்கிறார். காம்பீரியத்தில் கடல் போன்றவன், உறுதியில் இமயம் போன்றவன் என்பது அதில் ஒரு வரி. கவனியுங்கள், கடலின் பரப்பையோ அலையையோ சொல்லவில்லை. ஆழத்தைச் சொல்கிறார். மேலிருந்து பார்த்தால் அடியில் என்ன இருக்கிறது என்று தெரியாது. நாடக இலக்கணக்காரர்கள் இதையே வரையறையாக்கிவிட்டார்கள். நாட்டிய சாஸ்திரம் தலைவனுக்கு உரிய எட்டுக் குணங்களைச் சொல்கிறது. அவற்றில் ஒன்று காம்பீரியம். பின்னால் வந்த தசரூபகம் அதற்குத் தரும் விளக்கம், உள்ளே எது நடந்தாலும் வெளியே மாறுதல் தெரியாமல் இருக்கும் ஆற்றல் என்பது. கோபம், மகிழ்ச்சி, அச்சம், எதுவும் முகத்தில் ஏறாது.

இதற்கு நம் கம்பனைவிட நல்ல உதாரணம் கிடையாது. அசோகவனத்தில் சீதை ராமன் முகத்தை நினைத்துப் பார்க்கிறாள். "மெய்த் திருப்பதம் மேவு" என்றபோதும் "இத் திருத் துறந்து ஏகு" என்றபோதும் அந்த முகம் "சித்திரத்தின் அலர்ந்த செந்தாமரை" போலவே இருந்தது. நாட்டை எடுத்துக்கொள் என்றபோதும், விட்டுவிட்டுப் போ என்றபோதும் ஒரே முகம். அதுவும் வெறும் தாமரை இல்லை, ஓவியத்தில் மலர்ந்த தாமரை. குளத்துத் தாமரை மாலையில் கூம்பிவிடும், ஓவியத்துத் தாமரை கூம்பாது. கம்பீரம் என்ற சொல்லைப் போடாமலே கம்பன் அதன் முழுப் பொருளையும் வைத்துவிட்டான்.

இன்னொரு பாதையும் அரண்மனைக்குப் போகிறது. வராகமிகிரரின் பிருகத் சம்ஹிதை, 6ஆம் நூற்றாண்டு நூல். அதில் சாமுத்திரிகா லட்சணம் சொல்லும் பகுதியில், மூன்று இடங்களில் கம்பீரமாக இருப்பவன் என்பது அரசனுக்குரிய அடையாளங்களில் ஒன்று. எந்த மூன்று? கொப்பூழ், குரல், உள்ளத்திண்மை. கொப்பூழ் ஆழமாக இருக்கவேண்டும், குரல் ஆழத்திலிருந்து வரவேண்டும், மனமும் ஆழமாக இருக்கவேண்டும். கொப்பூழை நாம் மறந்துவிட்டோம், நல்லதாகப் போயிற்று. குரலை இன்றும் விடவில்லை. 'கம்பீரமான குரல்' என்று சொல்லும்போது கீச்சுக்குரலைச் சொல்வோமா? அடித்தொண்டையில் இருந்து வரும் கனத்த குரலைத்தான் சொல்வோம். பழைய பொருளான ஆழம் அந்தத் தொடரில் மட்டும் அப்படியே தங்கியிருக்கிறது.

கோடைமழை

தமிழ்நாட்டில் அரசனோடு சேர்ந்து எப்போது வந்தது என்று பார்த்தால் சோழர் காலத்திலேயே பட்டப்பெயராகிவிட்டது. தாராசுரம் ஐராவதேசுவரர் கோயிலுக்குப் போனவர்கள் தேர் வடிவ முன்மண்டபத்தைப் பார்த்திருப்பீர்கள், சக்கரமும் குதிரையும் கல்லில் செதுக்கியிருக்கும். அதன் பெயர் ராஜகம்பீரன் திருமண்டபம். 12ஆம் நூற்றாண்டில் அந்தக் கோயிலைக் கட்டிய இரண்டாம் ராஜராஜனின் பட்டப்பெயர் அது.

அப்புறம் பாண்டியர் பக்கம் சடையவர்மன் குலசேகரனுக்கும் அதே பட்டம். அவன் காலத்துத் திருப்புவனம் செப்பேடு 'ராஜகம்பீரச் சதுர்வேதிமங்கலம்' என்ற பிரமதேயத்தை (பிராமணர்களுக்குக் கொடையாகத் தந்த ஊரை) பற்றியது. மானாமதுரைக்குப் பக்கத்தில் ராஜகம்பீரம் என்று ஓர் ஊர் இன்றும் இருக்கிறது. பேருந்துப் பலகையில் அந்தப் பெயரைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஒரு மரியாதை வரும்.

ஒன்று யோசித்துப் பாருங்கள். கம்பீரம் என்றாலே ராஜகளைதான் என்று அப்போதே முடிவாகியிருந்தால் 'ராஜ' என்று முன்னால் ஒட்டத் தேவை இருந்திருக்காது. அரசர்களுக்குள் ஆழமானவன் என்றுதான் அந்தப் பட்டத்தை முதலில் படித்திருப்பார்கள் என்று நினைக்கிறேன். பட்டமே சொல்லுக்குச் சாயம் ஏற்றிவிட்டது.

கம்பத்துக்காரன்

எத்தனை ஏடு காட்டினாலும் தாராசுரத்து மண்டபமும் கம்பத்தின் மேல்தானே நிற்கிறது!

தனியாவர்த்தனம்

இசைக்காரர்கள் யாரும் பேசவில்லையே, நான் சொல்கிறேன். கம்பீரநாட்டை என்று ஒரு ராகம். 36ஆவது மேளமான (தாய் ராகமான) சலநாட்டையில் பிறந்தது, ச க ம ப நி என்று ஐந்தே சுரம். ரிஷபமும் தைவதமும் கிடையாது. கோயிலில் சுவாமி புறப்பாட்டின்போது நாதசுரத்தில் மல்லாரி வாசிப்பார்களே, அது இந்த ராகத்தில்தான். பாட்டுக்குச் சொற்கள் இல்லை. முதலில் தவிலில் அலாரிப்பு, பிறகு மல்லாரி. தீர்த்த மல்லாரி, தளிகை மல்லாரி, தேர் மல்லாரி என்று சந்தர்ப்பத்துக்கு ஒன்று. மல்லாரி காதில் விழுந்தால் வீட்டுக்குள் இருப்பவர்களுக்கும் சுவாமி புறப்பட்டுவிட்டது என்று தெரிந்துவிடும்.

ரிஷபமும் தைவதமும் இல்லாததால் ச-வுக்கும் க-வுக்கும் நடுவிலும், ப-வுக்கும் நி-க்கும் நடுவிலும் பெரிய இடைவெளி விழுந்து ஒரு தாவலும் அழுத்தமும் வரும். நெளிவு குறைவு, குழைவு குறைவு. பெயர் வைத்தவர் காது உள்ளவர்.

வரிக்குதிரை

கேட்டது ஒரு சொல், கிடைத்தது கடலும் கொப்பூழும் நாதசுரமும். மகிழ்ச்சி (கெம்பிரா!). இப்போது எனக்கே அந்தச் சொல்லை விட மனமில்லை. ஆனால் இயக்குநர் விடமாட்டார். மாற்றுச் சொற்கள் யாராவது தாருங்களேன். நான் யோசித்தவை: மிடுக்கு, பெருமிதம், பீடு, மாட்சி, ஆடம்பரம்.

ஏட்டுப்பூச்சி

ஆடம்பரத்தை முதலில் வெட்டுங்கள். அதுவும் வடசொல், தவிர நேர் எதிரான சரக்கு. வடமொழியில் ஆடம்பரம் என்றால் ஒரு வகை முரசு, அதன் பேரொலி. ஓசை எழுப்பிக் கவனத்தை இழுப்பது. படாடோபமும் அந்தக் கூட்டம்தான். பாம்பு படத்தை விரித்துக் காட்டுவது அதன் மூலப் பொருள். பஞ்சதந்திரத்தில் ஒரு செய்யுள் இருக்கிறது. விஷம் இல்லாத பாம்பும் படத்தைப் பெரிதாக விரிக்கவேண்டும், விஷம் இருக்கிறதோ இல்லையோ, படாடோபமே அச்சம் தரும் என்கிறது. ஆக ஒன்று முரசுச் சத்தம், ஒன்று பாம்பின் படம், கம்பீரமோ கடலின் அடி. மூன்றையும் ஒரே அர்த்தத்தில் இன்று விளம்பரத்தில் போட்டுக் கலக்குகிறார்கள். நகைக்கடை பொம்மைக்கெல்லாம் கம்பீரம் வந்துவிட்டது.

பெருமிதம் நல்ல சொல். தொல்காப்பிய மெய்ப்பாட்டியலில் எட்டு மெய்ப்பாடுகளில் ஒன்று. கல்வி, தறுகண், இசைமை, கொடை ஆகிய நான்கிலிருந்து பிறப்பது என்கிறார். அதாவது படித்தவனுக்கும் வரும், அஞ்சாதவனுக்கும் வரும், அள்ளிக் கொடுத்தவனுக்கும் வரும். பிறப்பால் அரசனாக இருந்தால் போதாது. ஆனால் இன்றைய காதுக்குப் 'பெருமிதமாக நடந்தாள்' என்றால் ஏதோ பரிசு வாங்கிக்கொண்டு வருவது போல ஒலிக்கும்.

கிள்ளான்வாசி

மாட்சி வேண்டாம். இங்கே எங்கள் பேரரசரைச் செய்தியில் 'மாட்சிமை தங்கிய மாமன்னர்' என்றுதான் குறிப்பிடுவார்கள். அது பதவிக்குத் தரும் அடைமொழி. நடைக்கு ஒட்டாது.

பனையோலை

நடைக்கு என்றால் பீடுதான். வள்ளுவர் "ஏறுபோல் பீடு நடை" என்று முத்திரை குத்திவிட்டார். ஆனால் அந்தக் குறளை (59) முழுவதும் படித்தால் கொஞ்சம் நெருடும். புகழ் காக்கும் மனைவி அமையாதவனுக்கு, இகழ்வார் முன் அப்படி நடக்க முடியாது என்பது பொருள். பீடு நடை கணவனுக்கு, அதைக் காப்பது மனைவியின் வேலை. கணவனை இழந்து, பேரனின் பேரால் 1689 முதல் 1706 வரை மதுரையை ஆண்ட ஒருத்திக்கு இந்தக் குறளை எங்கே பொருத்துவது? ஆகவே ஏற்றை விட்டுவிட்டு, பீடு நடையை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு சந்தேகமும் உண்டு. கம்பீரமே ஆண்களுக்கு என்று ஒதுக்கிவைத்த சொல்லா? 'கம்பீரமான பெண்' என்று சொன்னால் இன்றும் சிலர் 'ஆம்பிளை மாதிரி' என்று அர்த்தம் பண்ணிக்கொள்கிறார்கள். வகுப்பில் பிள்ளைகளிடம் கேட்டுப்பார்த்தேன். கம்பீரத்துக்கு உதாரணம் சொல்லுங்கள் என்றால் சிங்கம், யானை, போலீஸ் அதிகாரி. ஒரு பெண் பெயர்கூட வரவில்லை.

ஏட்டுப்பூச்சி

உங்கள் சந்தேகம் சரிதான், வழக்கம் மிகப் பழையது. நான் சொன்ன அந்த எட்டுக் குணப் பட்டியல் தலைவனுக்கு. தலைவிக்கு வேறு பட்டியல் உண்டு. சோபை, காந்தி, தீப்தி, மாதுரியம், தைரியம், பிராகல்பியம், ஔதாரியம். தைரியம் இருக்கிறது, கொடைமனம் இருக்கிறது, காம்பீரியம் மட்டும் இல்லை. முகத்தில் எதையும் காட்டாத தலைவி அந்த நாடகக்காரர்களுக்குத் தேவைப்படவில்லை போலும்.

பீடு அரசனுக்கு மட்டும் உரியதாக இருக்கவில்லை. அகநானூற்றில் நடுகல்லில் "பெயரும் பீடும் எழுதி" மயிற்பீலி சூட்டுகிறார்கள். போரில் விழுந்த மறவனுக்கு எழுதிய பீடு அது.

கோடைமழை

நான் ஒரு மாற்றுக் கருத்து வைக்கிறேன். கம்பீரத்தை முழுக்கத் துரத்தவேண்டாம். மதுரை நாயக்கர் அவையில் தெலுங்குதானே வீட்டு மொழி. மங்கம்மாளின் தளவாய் (படைத்தலைவர்) நரசப்பையா உங்கள் நாடகத்தில் வருவார் என்று நினைக்கிறேன். அவர் வாயில் 'பீடு' என்று சங்கத் தமிழ் வந்தால்தான் விநோதம். அவர் 'கம்பீரம்' என்றே சொல்லட்டும். பின்னணிக் குரல் இன்றைய தமிழன் பேசுவது, அங்கே பீடு நடை போடட்டும். இயக்குநருக்குச் சொல்ல ஒரு காரணமும் கிடைக்கும்.

வரிக்குதிரை

இது அருமையான யோசனை. இயக்குநரிடம் பேசிவிட்டேன். தளவாய் வசனத்துக்குத் தலையாட்டிவிட்டார். திருத்திய பகுதி இப்படி இருக்கிறது:

பின்னணிக் குரல்: பீடு நடையில் வருகிறாள் மங்கம்மாள். எல்லையில் படை திரண்ட செய்தி விடியும் முன்பே அவள் காதுக்கு வந்துவிட்டது. முகத்தில் அதன் சுவடு இல்லை.

நரசப்பையா (தனக்குள்): என்ன கம்பீரம்! இவர் அஞ்சுகிறாரா இல்லையா என்று எனக்கே தெரியவில்லையே.

இரண்டாவது வரி ஏட்டுப்பூச்சி ஐயா சொன்ன தசரூபகத்தில் இருந்து திருடியது. அவள் நுழையும்போது மல்லாரி வைக்கலாமா?

தனியாவர்த்தனம்

மல்லாரி வேண்டாம். அது சுவாமிக்கு உரியது. நாட்டியக் கச்சேரியில் வைக்கிறார்கள் என்றாலும், ஒரு ராணி நடந்து வர மல்லாரி வாசித்தால் முன்வரிசையில் உட்காரும் பெரியவர்கள் முகம் சுளிப்பார்கள். அதே கம்பீரநாட்டையில் நாதசுர ஆலாபனை மட்டும் வையுங்கள். தவில் அவள் அரியணைப் படியில் கால் வைக்கும்போது சேரட்டும், அதற்கு முன் வேண்டாம். மேடை சின்னது என்றால் அரை நிமிடம் போதும். அதற்கு மேல் போனால் நடிகை நடந்து முடித்துவிட்டு, வாசிப்பு நிற்கக் காத்துக்கொண்டு நிற்கவேண்டியிருக்கும்.